செக்யூரிட்டி கிளியரன்ஸ் விண்ணப்பம்: பழைய போதைப் பொருள் பழக்கத்தை எப்படித் தெரிவிப்பது?

அமெரிக்கக் கூட்டரசின் இரகசியத் தகவல்களைக் கையாளும் வேலைக்கு ஒரு குடிமகன் தேர்வாகும்போது, அதற்கான அரசு அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸைப் பெறுவதற்காக எஸ்.எஃப். 86 என்ற மிக நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கும். அதன் 23-ஆம் பிரிவு போதைப் பொருள் பற்றியது. கல்லூரி நாட்களில் எப்போதோ கஞ்சா புகைத்தவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் கண்டதும் வரும் அச்சம் இயல்பானதுதான். ஆனால் அந்த அச்சத்தில் ‘இல்லை’ என்று குறித்துவிடுவது, பல நேரங்களில் பழைய பழக்கத்தைவிடப் பெரிய தடையாகிவிடுகிறது.

முதலில் கேள்வியை வரி வரியாகப் படியுங்கள். பொதுவாகக் கடந்த 7 ஆண்டுகளைப் பற்றியே கேட்கிறார்கள்; ஆனால் முன்பே கிளியரன்ஸ் வைத்திருந்த காலத்தில் பயன்படுத்தியிருந்தால், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் இங்கே கூட்டரசுச் சட்டமே அளவுகோல். மருத்துவர் நண்பருக்கு எழுதித் தந்த அடெரால் என்ற கவனக்குறைபாட்டு மாத்திரையைத் தேர்வுக்கு முந்தைய இரவில் நீங்கள் விழுங்கியதும் இந்தப் பிரிவில் அடங்கும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

அடுத்து, படிவத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பொருள், முதலில் எப்போது, கடைசியாக எப்போது, ஏறத்தாழ எத்தனை முறை, ஏன் விட்டீர்கள். சரியான தேதி நினைவில் இல்லையென்றால் உத்தேசம் என்று குறிக்கலாம். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டாதீர்கள்.

மூன்றாவதாக, எப்படி எடைபோடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள நெறிமுறையில் 13 வழிகாட்டுதல்கள் உள்ளன. அவற்றுள் ‘எச்’ (H) போதைப் பொருளையும், ‘இ’ (E) நேர்மை உள்ளிட்ட தனிப்பட்ட நடத்தையையும் ஆராய்கின்றன. ‘எச்’ வழிகாட்டுதலின்படி, பயன்பாடு நெடுநாளுக்கு முன் நடந்தது, அரிதாக நடந்தது, அந்தச் சூழலையும் நட்புகளையும் விட்டு விலகியாயிற்று, இனித் தொடமாட்டேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாயிற்று என்பவை உங்களுக்குச் சாதகமாக அமையலாம். பழைய கஞ்சாப் பயன்பாடு கருத்தில் கொள்ளப்படும், ஆனால் அது ஒன்றே முடிவைத் தீர்மானிக்காது என்று தேசிய உளவுத்துறை இயக்குநராக இருந்த அவ்ரில் ஹெய்ன்ஸ் 2021 டிசம்பரில் தெளிவுபடுத்தினார். இப்போதும் பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களுக்குக் கிளியரன்ஸ் தருவதைச் சட்டமே தடுக்கிறது; அத்தகையவர்கள் விண்ணப்பத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன் அதை நிறுத்த வேண்டும்.

பொய்யின் நிலை வேறு. ஐந்தாண்டுகளுக்கு முந்தைய பழக்கம் ஒவ்வோர் ஆண்டும் இன்னும் பழையதாகிக்கொண்டே போகிறது. பொய்யோ நீங்கள் கையொப்பமிட்ட நாளில்தான் பிறக்கிறது, அதனால் ‘காலம் கடந்துவிட்டது’ என்ற வாதம் அதற்கு எளிதில் கைகொடுக்காது. முன்னாள் அறைத்தோழரிடமோ பழைய மேலாளரிடமோ விசாரணை அதிகாரி பேசும்போது அது வெளிப்படலாம். தெரிந்தே பொய் சொல்வது 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க கூட்டரசுக் குற்றமும்கூட. மாறாக, 23-ஆம் பிரிவில் உண்மையாகத் தரும் விடைகளைக் குற்றவழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தமாட்டோம் என்று படிவமே உறுதியளிக்கிறது. இந்த வரியைப் படிக்காமலேயே அஞ்சி மறைப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஏற்கெனவே மறைத்துவிட்டீர்களா? அதிகாரி ஆதாரத்தை முன்வைத்துக் கேட்கும்வரை காத்திருக்காமல், உடனே நீங்களாகவே திருத்திச் சொல்லுங்கள். அப்படித் தாமாக விரைந்து திருத்துவதை ‘இ’ வழிகாட்டுதல் சாதகமாகக் கருதுகிறது. பிடிபட்ட பின் ஒப்புக்கொள்வதற்கு அந்த மதிப்புக் கிடைப்பதில்லை.

மறுப்பதற்கான காரணங்களைப் பட்டியலிடும் கடிதம் வந்தால், அதில் குறித்த கெடுவுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். இயன்றால் இத்துறை வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். பாதுகாப்புத் துறையின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகம், ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் வழக்குகளில் அளித்த தீர்ப்புகளைப் பெயர் நீக்கி இணையத்தில் வெளியிடுகிறது. பதில் எழுதுவதற்கு முன், ‘எச்’, ‘இ’ இரண்டும் சேர்ந்து வரும் சில தீர்ப்புகளைப் பொறுமையாகப் படித்துப்பாருங்கள்.