நாய் கடிக்கும் முன்பே சொல்லிவிடும்

மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புக் காவலுக்கு நாய் நிற்கும். தெரியாத தோப்பில் குறுக்கு வழி பிடிக்கிறவர்களும், விடியற்காலையில் பைக்கில் கேன் கட்டிப் போகும் பால்காரர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 1: உடம்பைக் கவனியுங்கள்

வாலாட்டினாலே பாசம் என்று நினைக்காதீர்கள். உடம்பு குழைந்து வால் தளர்வாக ஆடினால் சரி. உடம்பு விறைத்து, தூக்கிய வாலின் நுனி மட்டும் துடித்தால் விலகிவிடுங்கள். வாலைக் காலிடுக்கில் செருகி, முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அது பயம். பயந்த நாய் ஓட வழியில்லாவிட்டால் கடிக்கும். உறுமினால், 'தள்ளிப் போ' என்கிறது. உறுமியதற்காக வீட்டு நாயை அடித்துப் பழக்கினால், அப்புறம் அது உறுமாமலே கடிக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

படி 2: தொந்தரவு செய்யாதீர்கள்

தின்னும்போதும் தூங்கும்போதும் கட்டிப்போட்டிருக்கும்போதும் கிட்டே போகாதீர்கள். மார்கழியில் சேரும் நாய்கள் இரண்டு மாதத்தில், மாசி வாக்கில், குட்டி போடும். குட்டியைத் தூக்கப் போகும் பிள்ளைகளைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

படி 3: துரத்தினால்

ஓடாதீர்கள். கைகளை உடம்போடு ஒட்டி நின்று, கண்ணுக்குக் கண் பார்க்காமல், முதுகு காட்டாமல் மெல்ல நகருங்கள். பை இருந்தால் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடியுங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ளுங்கள். பைக்கில் போனால் முறுக்காதீர்கள். வேகம் குறைந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

படி 4: கடித்துவிட்டால்

சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்தே கழுவுங்கள், அது நினைப்பதைவிட நீண்ட நேரம். அப்படியே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போடும் நாள் 0 என்று வைத்து 0, 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயமென்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற ரேபிஸ் எதிர்ப்பு மருந்தையும் போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

"நம்ம தெரு நாய்தானே, அதுக்கு ஏதாவது ஆகுதான்னு 10 நாள் பார்க்கலாம்" என்பார்கள். பாருங்கள். முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.