வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்: இன்புட் ஜாக்கையும் லைன் அவுட்டையும் இணைப்பது எப்படி?

சொந்தமாக வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வால்வுகளுக்கும் மாதக்கணக்கில் விலை விசாரிப்பார்கள். கேபிளைச் செருகும் துளைகளான ஜாக்குகளை மட்டும் கடைசி நாளில் அவசரமாக மாட்டிவிடுவார்கள். நான் கட்டிய முதல் ஆம்ப்ளிஃபயரிலும் அதுதான் நடந்தது. கிட்டாரைச் செருகாதபோது முழு அமைதி, செருகினால் கிட்டார் கேட்காமல் இரைச்சல் மட்டும். வால்வை மாற்றினேன், கெபாசிட்டரை மாற்றினேன், இரண்டு வாரம் போனது. கடைசியில் பார்த்தால் ஜாக்கின் இரண்டு காதுகளை (வயரைப் பற்றவைக்கும் சிறு தகடுகளை) இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். அந்த இரண்டு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் தயாரித்த சாம்ப் 5எஃப்1 சுற்றை எடுத்துக்கொள்வோம். சிக்னலை முதலில் பெருக்கும் ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கருக்குத் திறன் தரும் ஒரு 6வி6, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ஒரு 5ஒய்3 என மூன்றே வால்வுகள். வெளிவரும் திறன் ஏறத்தாழ 5 வாட். முதன்முறை கட்டுபவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். இதில் கற்றதைப் பெரிய ஆம்ப்ளிஃபயர்களுக்கும் அப்படியே கொண்டுபோகலாம்.

தொடும் முன்

இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளும் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்கு உறையிட்ட கிளிப் வயர்களைப் பற்றவையுங்கள். முதலில் ஒரு கிளிப்பைச் சேசிஸில் (ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தில்) கவ்வவிட்டு, பிறகு மற்றதைக் கெபாசிட்டரின் பிளஸ் முனையில் மாட்டுங்கள். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பத்து நொடி போதும். ஆனாலும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்துக் கிளிப்பை எடுத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தால், அதே கெபாசிட்டரில் சில வோல்ட்டுகள் திரும்ப ஏறியிருப்பதைக் காணலாம். அதனால் வேலை முடியும்வரை கிளிப் அங்கேயே இருக்கட்டும். மின்சாரம் கொடுப்பதற்கு முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

மூன்று முள் பிளக்கின் எர்த் வயர், தனக்கென்று ஒரு போல்ட்டில், பெயின்ட் சுரண்டிய உலோகத்தின்மீது இறுகியிருக்க வேண்டும். வேறு எந்த வயரும் அந்த போல்ட்டில் வேண்டாம்.

ஜாக்கைப் படியுங்கள்

உங்களுக்குத் தேவை 6.35 மி.மீ. மோனோ ஜாக் இரண்டு, சுவிட்ச் உள்ள வகை. அதில் மூன்று காதுகள் இருக்கும். ஒன்று பிளக்கின் உடலைத் தொடுவது, இது கிரவுண்ட், அதாவது சுற்றின் பூஜ்ய வோல்ட்டேஜ் பக்கம். இன்னொன்று பிளக்கின் முனையைத் தொடும் ஸ்பிரிங். கிட்டாரின் சிக்னல் வருவது இதில்தான். மூன்றாவது சுவிட்ச் காது.

திறந்த உலோக ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பிளக்கை மெதுவாகச் செருகிப் பாருங்கள். வெறும் ஜாக்கில் முனை ஸ்பிரிங் சுவிட்ச் தகட்டின்மீது படுத்திருக்கும். பிளக் நுழைந்ததும் ஸ்பிரிங் மயிரிழை அளவு மேலே எழும்பி, தகட்டிலிருந்து பிரியும். ஜாக்கின் சுவிட்ச் வேலை அவ்வளவுதான். பிளாஸ்டிக் ஜாக்கில் இது கண்ணுக்குத் தெரியாது. மீட்டரைத் தொடர்பு ஒலி நிலையில் வைத்துக் கண்டுபிடியுங்கள். வெறும் ஜாக்கில் ஒலித்து, பிளக் செருகியதும் அடங்கிவிடும் ஜோடிதான் முனையும் சுவிட்சும். அந்த இரண்டில் எது முனை என்று அறிய, பிளக்கைச் செருகியபடி அதன் நுனிக்கும் ஒவ்வொரு காதுக்கும் தொடர்பு பாருங்கள். கண்டுபிடித்ததும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். நான் செய்யாமல் விட்டது இந்தப் புள்ளியைத்தான்.

இரண்டு இன்புட்களை இணைத்தல்

முதல் ஜாக் முழு ஓசைக்கு, இரண்டாவது குறைந்த ஓசைக்கு. இணைப்புகள் இவை:

1. இரண்டு ஜாக்குகளின் கிரவுண்ட் காதுகளையும் தடித்த வயரால் சேர்த்துவிடுங்கள்.
2. முதல் ஜாக்கின் சுவிட்ச் காதைக் கிரவுண்டில் இணையுங்கள்.
3. முதல் ஜாக்கின் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 மெகா ஓம் ரெசிஸ்டர்.
4. இரண்டாவது ஜாக்கின் சுவிட்ச் காதிலிருந்து முதல் ஜாக்கின் முனைக்கு ஒரு வயர்.
5. ஒவ்வொரு ஜாக்கின் முனையிலிருந்தும் தனித்தனியாக ஒரு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 12ஏஎக்ஸ்7 வால்வின் 2ஆம் பின்னுக்கு. அதுதான் கிரிட், சிக்னல் வால்வுக்குள் நுழையும் முனை.

எதையும் செருகாதபோது முதல் ஜாக்கின் முனை கிரவுண்டில் இருக்கிறது. இரண்டாவதும் அதன் வழியாகவே கிரவுண்டுக்குப் போகிறது. அதனால் ஆம்ப்ளிஃபயர் அமைதியாக இருக்கும். முதல் ஜாக்கில் செருகினால் இரண்டு 68 கிலோ ஓமும் பக்கவாட்டில் சேர்ந்து 34 கிலோ ஓமாகின்றன; கிட்டார் பார்ப்பது 1 மெகா ஓம் சுமையை. இரண்டாவதில் செருகினால் முதல் ஜாக் இன்னும் கிரவுண்டில்தான் இருக்கிறது. சிக்னல் ஒரு 68 வழியாக உள்ளே வந்து, இன்னொரு 68 வழியாகக் கிரவுண்டுக்கு இறங்குகிறது. கிரிட்டுக்குக் கிடைப்பது பாதி. கிட்டார் பார்க்கும் சுமையும் 136 கிலோ ஓமாகக் குறைந்துவிடும். இரண்டாவது இன்புட்டில் ஓசை குறைவதோடு சற்று மங்கலாகவும் கேட்பது இதனால்தான். பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருள். அது பார்க்கும் ஓம் மதிப்பு குறைந்தால் அதன் கூர்மையான மேல் ஸ்வரங்கள் முதலில் போய்விடும்.

உங்களுக்கு ஒரே கிட்டார், ஒரே ஓசை போதுமென்றால் இரண்டாவது ஜாக்கை விட்டுவிடலாம். என் ஆம்ப்ளிஃபயர்களில் இப்போது ஒன்றுதான் வைக்கிறேன். அப்போது 1 மெகா ஓம், ஒரு 68 கிலோ ஓம், கிரவுண்டில் சுவிட்ச் காது, அவ்வளவே.

68 கிலோ ஓம் எங்கே உட்கார வேண்டும்?

இது இரைச்சலைத் தீர்மானிக்கும் இடம். கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

12ஏஎக்ஸ்7 வால்வில் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் (பெருக்கிய சிக்னல் வெளிவரும் முனைக்கும்) இடையே 2 பிக்கோ ஃபாரட்கூட இல்லாத ஒரு கெபாசிட்டன்ஸ் இருக்கிறது. வால்வு சிக்னலை 60 மடங்கு பெருக்கினால், கிரிட்டிலிருந்து பார்க்கும்போது அதுவும் கிட்டத்தட்ட அறுபது மடங்காகத் தெரியும். 100 பிக்கோ ஃபாரட்டைத் தாண்டிவிடும். 68 கிலோ ஓமோடு சேரும்போது அது ஏறக்குறைய 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டுகிறது. கிட்டார் உள்ளே வரும், வானொலி அலை வெளியே நிற்கும்.

ஆனால் ரெசிஸ்டரை ஜாக்கிலேயே பற்றவைத்து, அங்கிருந்து வால்வு சாக்கெட்வரை ஒரு சாண் வயர் இழுத்தால், ரெசிஸ்டருக்குப் பின்னால் உள்ள அந்த வயரே ஆன்டெனாவாகிவிடும். இரவு நேரத்தில் கிட்டாரின் அடியில் யாரோ செய்தி வாசிப்பதை நான் கேட்டிருக்கிறேன். ரெசிஸ்டரின் காலைக் குட்டையாக வெட்டி, சாக்கெட்டின் 2ஆம் பின்னிலேயே பற்றவைத்த மறுநிமிடம் குரல் நின்றது.

ஜாக்கிலிருந்து சாக்கெட்வரை ஷீல்டு வயர் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ளது) போடுங்கள். ஷீல்டை ஜாக் பக்கம் மட்டும் கிரவுண்டில் இணைத்து, மறுமுனையில் வெட்டி உறையிட்டு மூடிவிடுங்கள். சால்டரிங் அயனை அதிக நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உருகி, நடுக்கம்பி ஷீல்டைத் தொட்டுவிடும். வெளியே பார்க்க அழகான இணைப்பு, உள்ளே ஷார்ட். ஈயத்தை இரு பக்கமும் முன்கூட்டியே பூசிக்கொண்டால் இரண்டு நொடியில் வேலை முடியும்.

உலோக ஜாக்கானால் சேசிஸுக்கு உட்புறம் பல் வாஷர் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை பிளக்கைத் திருகும்போதும் ஜாக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று, வயர் ஒருநாள் முறியும். உலோக ஜாக் சேசிஸைத் தொடும் இடத்தையே சிக்னல் கிரவுண்டின் ஒரே சேசிஸ் இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வால்வின் கேத்தோடு ரெசிஸ்டர், வால்யூம் கன்ட்ரோல் ஆகியவற்றின் கிரவுண்டுகளை அங்கே கொண்டுவாருங்கள். முதல் ஃபில்டர் கெபாசிட்டரும் 6வி6 கேத்தோடும் பவர் பக்கத்தில் ஒன்றுசேர்ந்து, ஒரே வயரால் இங்கே வரட்டும்.

மின்சாரம் கொடுக்கும் முன் மீட்டர்

2ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். எதுவும் செருகாதபோது 34 கிலோ ஓம். மறுமுனை எதிலும் இணைக்காத கேபிளை முதல் ஜாக்கில் செருகினால் 1.03 மெகா ஓம். இரண்டாவதில் செருகினால் 68 கிலோ ஓம். மூன்றும் சரியாக வர வேண்டும். செருகிய பிறகும் 34 காட்டினால் முனையும் சுவிட்சும் பிரியவில்லை. அவை இடம் மாறியிருந்தாலும் இந்த மூன்று அளவுகள் மாறாது; ஆனால் செருகிய கேபிளின் மறுமுனை நுனிக்கும் கிரவுண்டுக்கும் இடையே பூஜ்யம் காட்டும், அதையும் பார்த்துவிடுங்கள். 2ஆம் பின்னிலேயே பூஜ்யம் காட்டினால் அது எங்கோ நேராகக் கிரவுண்டைத் தொடுகிறது. ரெசிஸ்டரின் கால் சேசிஸில் படுகிறதா, அருகே ஈயம் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லைன் அவுட்

லைன் அவுட் என்பது ஆம்ப்ளிஃபயரின் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் ஜாக். அந்தச் சிக்னலை எங்கிருந்து எடுப்பது? முதல் வால்வின் பிளேட்டிலிருந்து எடுக்கலாம்தான். ஆனால் அங்கே உயர் வோல்ட்டேஜ் இருக்கிறது. ஒரே ஒரு கெபாசிட்டர் கசிந்தாலும் அது வெளியே உள்ள ஜாக்குக்கு வந்துவிடும். முதன்முறை கட்டுபவர் அங்கே போக வேண்டாம். ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுங்கள். அங்கே வோல்ட்டேஜ் குறைவு. 6வி6 வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் தரும் ஓசையும் சேர்ந்தே வரும்.

4 ஓம் ஸ்பீக்கரில் 5 வாட் என்றால் ஏறத்தாழ 4.5 வோல்ட். மிக்ஸரின் சாதாரண லைன் இன்புட் எதிர்பார்ப்பது 0.3 வோல்ட் அளவு. ஆகவே பதினொன்றில் ஒரு பங்காகக் குறைப்போம். ஸ்பீக்கர் ஜாக்கின் முனையிலிருந்து 10 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து ஸ்பீக்கர் ஜாக்கின் கிரவுண்ட் காதுக்கு 1 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்திலிருந்து லைன் அவுட் ஜாக்கின் முனைக்கு வயர். கிடைப்பது 0.4 வோல்ட். அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால் 1 கிலோ ஓமுக்குப் பதில் அதே மதிப்புள்ள வால்யூம் கன்ட்ரோலை வையுங்கள். ரெசிஸ்டர்களில் விரயமாவது 2 மில்லி வாட்கூட இல்லை; கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். 15 வாட், 8 ஓம் ஆம்ப்ளிஃபயரானால் மேல் ரெசிஸ்டரை 22 கிலோ ஓமாக்குங்கள்.

நேராக மிக்ஸரில் கேட்டால் ஓசை தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் ஒலிக்காது. லைன் அவுட்டில் அந்த வடிகட்டல் இல்லை. 1 கிலோ ஓமுக்குக் குறுக்கே 0.033 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். சுரண்டல் பெருமளவு அடங்கும். ஸ்பீக்கரின் முழுக் குணமும் வந்துவிடாது என்றாலும் வீட்டில் பதிவு செய்ய எனக்கு இது போதுமாக இருக்கிறது.

லைன் அவுட் ஜாக் பிளாஸ்டிக் உடலாக இருக்கட்டும். அதன் கிரவுண்ட் காதிலிருந்து ஸ்பீக்கர் ஜாக்கின் கிரவுண்டுக்குத் தனி வயர் போகட்டும்; சேசிஸை எங்கும் தொடக் கூடாது.

மிக்ஸரில் இணைத்ததும் ரீங்காரம் வந்தால்

ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் எர்த், மிக்ஸருக்கு ஓர் எர்த், நடுவே கேபிளின் ஷீல்டு. ஒரு வளையம் உருவாகிவிட்டது. சிலர் உடனே ஆம்ப்ளிஃபயரின் எர்த் முள்ளைக் கழற்றச் சொல்வார்கள். ரீங்காரம் நிற்கும், ஆனால் உள்ளே ஒரு வயர் நழுவிச் சேசிஸைத் தொட்ட அன்று, கிட்டாரின் கம்பி வழியாக மின்சாரம் உங்கள் விரலுக்கு வரும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

சரியான வழி, ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். 10 கிலோ ஓம் வகை கிடைத்தால் நல்லது. 600 ஓம் வகையும் வேலை செய்யும், ஆனால் அளவைக் கூட்டினால் தாழ்ந்த ஸ்வரங்களில் கரகரக்கும். முதல் சுருளைக் குறைத்த சிக்னலுக்கும் ஸ்பீக்கர் கிரவுண்டுக்கும் இடையே இணையுங்கள். இரண்டாவது சுருளை லைன் அவுட் ஜாக்கின் முனைக்கும் உடலுக்கும் கொடுங்கள். இப்போது ஸ்பீக்கர் கிரவுண்டிலிருந்து ஜாக்குக்குப் போன அந்தத் தனி வயரை எடுத்துவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தும் பயனில்லை.

லைன் அவுட் பயன்படுத்தும்போதும் ஸ்பீக்கர் இணைந்தே இருக்க வேண்டும். சுமை இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருளில் வோல்ட்டேஜ் எகிறி, உள்ளே பொறி பறந்து அது செத்துவிடும். வீட்டில் சத்தம் கூடாதென்றால் ஸ்பீக்கருக்குப் பதில் 4 ஓம், குறைந்தது 20 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டரை அலுமினியத் தகட்டில் திருகி மாட்டுங்கள். அது சூடாகும், கேபினட்டின் மரத்தில் படாமல் வையுங்கள்.

ஸ்பீக்கர் ஜாக்கும் லைன் அவுட் ஜாக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பின்பலகையின் இரு ஓரங்களில் தள்ளித் தள்ளி வைத்து, கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இருட்டு மேடையில் நண்பர் ஒருவர் ஸ்பீக்கரை லைன் அவுட்டில் செருகிவிட்டால், டிரான்ஸ்ஃபார்மருக்குக் கிடைக்கும் சுமை 4 ஓம் அல்ல, 10 கிலோ ஓம்.