"நெட் வரலை" என்று போன் போடுவதற்கு முன்னால்

தென்காசி பக்கம் ஒரு சின்ன ஊரில் லைன்மேன் வேலை பார்க்கிறேன். முன்பு கேபிள் டிவி, இப்போது ஃபைபர் நெட். ஒரு நாளைக்குப் பத்துப் போனாவது வரும். எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான்: "தம்பி, நெட் வரலை." எதுவரை வருகிறது, எங்கே நின்றது என்று யாரும் சொல்வதில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகிற வழியில் நாலைந்து கண்ணிகள் இருக்கின்றன. எது அறுந்தாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பக்கத்தில் இருப்பதில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வெளியே போக வேண்டும்.

முதலில் வைஃபை. மூலையில் விசிறி மாதிரி இருக்கும் குறி முழுசாகத் தெரிந்தால் நெட் வருகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. கம்ப்யூட்டருக்கும் வீட்டு ரூட்டருக்கும் நடுவில் சிக்னல் எப்படி என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. வெளியிலிருந்து ரூட்டருக்கு நெட் கொண்டு வரும் ஒயரைப் பிடுங்கினாலும் சிக்னல் குறையாது. வீட்டு வைஃபையில் பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கொஞ்சம் மெதுவு, ஆனால் அடுத்த அறைவரை எட்டும். சந்தேகம் இருந்தால் ரூட்டரிலிருந்து லேன் ஒயரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். ஒயரில் நெட் வந்தால் லைனில் குற்றம் இல்லை. டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரூட்டரை வெளியே எடுத்து வையுங்கள், போதும்.

அடுத்து முகவரி, அதாவது ரூட்டர் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் எண். விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஆங்கிலத்தில் சிஎம்டி என்று அடித்தால் ஒரு கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், அதில் எதுவும் வெடிக்காது. இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைப் பாருங்கள். வீட்டு ரூட்டர் கொடுக்கும் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அப்படி இருந்தால் சரி. 169.254 என்று தொடங்கினால், கேட்டும் யாரும் கொடுக்காததால் கம்ப்யூட்டர் தனக்குத்தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரூட்டரை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்கள்.

"அண்ணே, எதிர்வீட்டிலும் இதே 192.168.1.5தான் காட்டுது. அவன் படம் எனக்கு வந்துடாதா?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. அந்த எண் வீட்டு வாசலோடு சரி. ஐபிவி4 எண்கள் மொத்தமே சுமார் 430 கோடிதான், உலகத்தில் உள்ள எல்லா போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அது பத்தாது. அதனால் குடும்பத்துக்கு ஒரு ரேஷன் கார்டு மாதிரி, வீட்டுக்கு வெளியே ஒரே எண். யார் என்ன கேட்டார்கள் என்பதை ரூட்டர் ஞாபகம் வைத்து, வருவதைப் பிரித்துக் கொடுக்கும். சில கம்பெனிகள் பல வீடுகளைச் சேர்த்தே ஓர் எண்ணுக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன.

அதே திரையில் டீஃபால்ட் கேட்வே என்று ஓர் எண் இருக்கும். அதுதான் ரூட்டர். பிங் (ping) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போடுங்கள். நாலு வரி பதில் வந்தால் ரூட்டர்வரை பாதை சுத்தம்.

இப்போது எழுந்து போய், ஃபைபர் ஒயர் வந்து சேரும் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். பான் (PON) என்கிற விளக்கு பச்சையில் நிலையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் (LOS) என்கிற விளக்கு சிவப்பில் மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை. போன மாதம் ஒரு டீச்சரம்மா வீட்டில் அதுதான். சுண்ணாம்பு அடிக்க பீரோவை நகர்த்தி, திரும்பத் தள்ளும்போது ஒயரைச் சுவரோடு மடக்கி நசுக்கிவிட்டார்கள். உள்ளே இருப்பது தலைமுடி அளவு கண்ணாடி இழை. கூர்மையாக மடக்கினால் ஒளி மடிப்பிலேயே கசிந்துவிடும். ஒளியின் பலத்தை அளக்கும் மீட்டர் வைத்தேன், மைனஸ் 31 டிபிஎம். இந்தப் பெட்டிகளுக்கு மைனஸ் 27, 28க்குக் கீழே போனால் கண் தெரியாது. பீரோவை இழுத்து, ஒயரை நீவி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளையமாகச் சுற்றிவிட்டேன். மைனஸ் 21. சிவப்பு அணைந்தது. "இவ்வளவுதானா? மூணு நாளா பாட்டுக் கிளாஸ் போச்சே!" என்றார். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, இருட்டாக இருப்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது.

வீட்டுக்குள் மடிப்பு இல்லை என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. ஓர் இழையில் வரும் ஒளியை எட்டு வீட்டுக்கோ பதினாறு வீட்டுக்கோ கரண்ட் இல்லாமலே பிரித்துவிடும். தெருவுக்கே போயிருந்தால் பழுது அங்கே, அல்லது அதற்கு மேலே. உங்களுக்கு மட்டும் என்றால் கம்பத்திலிருந்து வரும் ஒயர். எங்கள் ஊரில் பாதி அணில் வேலை.

விளக்கெல்லாம் பச்சை, ஆனாலும் நெட் இல்லையா? பிங் 8.8.8.8 போடுங்கள். இது கூகுள் வைத்திருக்கும் எண். பதில் வந்தால் நீங்கள் வெளியுலகத்தில்தான் இருக்கிறீர்கள், பழுது பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில். எங்கள் தெருவில் கதவிலக்கம் யாருக்கும் தெரியாது. 'பால்காரர் வீடு' என்று டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள். டிஎன்எஸ் அந்த டீக்கடை. தளத்தின் பெயரைச் சொன்னால் எண்ணைக் காட்டும். கடை பூட்டியிருந்தாலும் பால்காரர் வீடு அங்கேதான் இருக்கிறது. நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டால் வேறு கடையில் விசாரித்துக்கொள்ளும்.

அப்புறம், பிங் பதிலில் டைம் என்று, போய்த் திரும்ப ஆகும் நேரத்தை மில்லிசெகண்டில் காட்டும். கேம் விளையாடும் பசங்கள் சண்டைக்கு வருவது இதற்குத்தான். கேம் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து அங்கே கடலடி கேபிள் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கி.மீ.தான் ஓடும். போய் வரவே 32 மில்லிசெகண்ட் ஆகிவிடும். 100 எம்பி பிளானை 300 ஆக்கினாலும் அது குறையாது.

இத்தனையும் பார்த்த பிறகும் வரவில்லை என்றால் கூப்பிடுங்கள். "எல்ஓஎஸ் சிவப்பு, ராத்திரி மழைக்கு அப்புறம், பக்கத்து வீட்டில் வருகிறது" என்று சொன்னால், ஏணியையும், அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினையும் முதல் நடையிலேயே எடுத்து வந்துவிடுவேன்.