மானாவாரி நெல்லுக்கு யூரியா: எவ்வளவு, எப்போது?

யாழ்ப்பாணத்தில் நெல் பெரும்பாலும் மழையை நம்பித்தான். புரட்டாதியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம். அதனால் யூரியா போடும் நாளையும் மழைதான் முடிவுசெய்யும்.

முதலில் கணக்கு. யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. உங்கள் நெல் இனத்துக்கும் மண்ணுக்கும் உரிய அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். ஏக்கருக்கு 48 கிலோ யூரியா என்று அவர் சொன்னால், 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் பரப்புக்கு 3 கிலோ. காணி உறுதியில் நெல்லுப் பரப்பு என்று எழுதியிருந்தால் அளவு வேறு, கவனம். எருவோ குழையோ தாழ்த்திய வயல் என்றால் அதையும் சொல்லுங்கள், குறைத்துத் தருவார்.

அந்த 3 கிலோவையும் ஒரே தடவையில் கொட்டக்கூடாது. பயிர் முளைத்து இரண்டு கிழமையில், மண் ஈரமாக இருந்தால் அரைக் கிலோ. புல்லைப் பிடுங்கிவிட்டு, மட்டம் வெடிக்கும்போது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளம்பும்போது, ஒன்றரைக் கிலோ. மிச்ச ஒரு கிலோவைக் கதிர் உருவாகும்வரை வைத்திருங்கள்.

கதிர் உருவாவதை எப்படி அறிவது? மூன்றரை மாத நெல்லில் ஏறத்தாழ 45ஆம் நாள் ஒரு தாய்த் தண்டைப் பிடுங்கி, பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேல் கணுவுக்கு மேலே, பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஒரு சிறு முனை தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். அது தெரிந்தால் நேரம் வந்துவிட்டது. அப்போது மண் வெடித்துக் கிடந்தால் அந்த ஒரு கிலோவைப் போடவே வேண்டாம். தண்ணீரில்லாத பயிருக்கு உரம் கொடுத்தால் பதர்தான் மிஞ்சும்.

மேலீரத்தில் போட்டு வெயில் எறித்தால் யூரியா அமோனியாவாகப் பறந்துவிடும். ஒருமுறை தூறலை நம்பிப் போட்டேன். அடுத்த நாள் வரம்பிலேயே மூக்கை அரித்தது. நம் சுண்ணாம்பு மண்ணில் இந்த இழப்பு இன்னும் கூட. மண்ணுக்குள் ஊறவைக்கும் அளவு மழை வருமென்றால் அதற்கு முந்தின நாள் போடுங்கள். இலையில் பனி காய்ந்த பிறகு வீசுங்கள்.

அடைமழைக்கு முன் மட்டும் வேண்டாம். யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். கரைந்து கீழே போகும் அந்த நைத்திரேற்று சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி நம் கிணறுகளுக்குத்தான் வரும். பச்சைக் குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீரும் அங்கிருந்துதான் அள்ளுகிறோம்.