மீன் தொட்டித் தண்ணீரை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துச் செத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அம்மோனியாவை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருவது அது. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டரில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது சோதியுங்கள்.

சொட்டு விட்டுப் பார்க்கும் லிக்விட் கிட்டையே வாங்குங்கள். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் பட்டையான ஸ்ட்ரிப் விலை குறைவுதான், ஆனால் பலவற்றில் அம்மோனியா சோதனையே கிடையாது.

முதலில் சோதனைக் குழாயைத் தொட்டித் தண்ணீராலேயே அலசிவிட்டு, கோடு வரை, பெரும்பாலும் 5 மில்லி, நிரப்புங்கள். பாட்டிலைச் சாய்க்காமல் நேராகக் கவிழ்த்துப் பிடித்தால்தான் சொட்டுகள் ஒரே அளவில் விழும். எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். கூடவே வரும் தாளைப் பாருங்கள். குழாயை மூடியால் மூடிக் குலுக்குங்கள், விரலால் அடைக்க வேண்டாம். மருந்து தோலை அரிக்கும்.

அப்புறம், பகல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். பரவலாகக் கிடைக்கும் கிட்களில் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை.

நைட்ரேட் சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இதற்கு இரண்டு பாட்டில் மருந்து விட வேண்டிய கிட்களில், இரண்டாவது பாட்டிலின் மருந்து அடியில் படிந்து இறுகியிருக்கும். அதை அரை நிமிடம் நன்றாக ஓங்கிக் குலுக்காவிட்டால், நைட்ரேட் எக்கச்சக்கமாக இருந்தாலும் குறைவாகவே காட்டும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) தாண்டினால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றி, தீனியைக் குறையுங்கள். நைட்ரேட் 40ஐத் தாண்டினால் கால்வாசி மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் பட்டால் பாக்டீரியாக்கள் செத்துவிடும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8ஐத் தாண்டினால் அதே அளவு அம்மோனியாவே அதிக விஷமாகிவிடும்; நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடேறினாலும் அப்படித்தான். போர் தண்ணீரை எடுத்ததும் சோதிக்காதீர்கள். அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு பிஎச்சைக் குறைத்துக் காட்டும். ஒரு நாள் வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டுப் பாருங்கள், உண்மையான அளவு தெரியும்.

சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாமல் சிங்க்கில் கொட்டிவிட்டு, கிட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.