கதிரியக்கச் சிதைவுக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அணுக்கருப் பாடத்தில், ஒரு கரு தானாக இரண்டாகச் சிதையும்போது வெளிப்படும் ஆற்றல் எப்படிப் பிரியும் என்று கேட்டாலே ஒரு பதில் தவறாமல் வரும்: "உந்தம் (நிறை × வேகம்) சமம்தானே சார், அப்போ ஆற்றலும் பாதிப் பாதிதான்." பாதிப் பாதி கிடையவே கிடையாது.

ரேடியம் 226 சிதைந்தால் ரேடான் 222-ம் ஓர் ஆல்ஃபா துகளும், அதாவது ஹீலியம் அணுவின் கருவும், கிடைக்கும். முதலில் அசையாமல் இருந்ததால் மொத்த உந்தம் சுழி; இரண்டும் சம உந்தத்தோடு எதிரெதிரே பாயும். ஆனால் இயக்க ஆற்றல், உந்தத்தின் வர்க்கத்தை நிறையின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. நிறை குறைந்ததற்கே பெரும்பங்கு. ஏற்காடு ஏரியில் படகிலிருந்து கரைக்குத் தாவினால், ஆளைவிடப் படகு மெதுவாகத்தானே பின்னால் போகிறது?

சரி, கணக்குக்கு வருவோம். ரேடியம் அணுவின் நிறை 226.02541-இலிருந்து ரேடான் அணுவின் 222.01758, ஹீலியம் அணுவின் 4.00260 இரண்டையும் கழித்தால் மீதி 0.00523 அணு நிறை அலகு. இந்தக் குறைந்த நிறைதான் ஆற்றலாகிறது; 931.5-ஆல் பெருக்கினால் அது 4.87 மெகா எலக்ட்ரான் வோல்ட் (மெகா என்றால் பத்து லட்சம்; எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலின் மிகச் சிறிய அலகு). இதை 226-ல் 222 பங்கு, 4 பங்கு என்று பிரியுங்கள். ஆல்ஃபாவுக்கு 4.78, ரேடானுக்கு 0.09. வேகம் பார்த்தால், ஆல்ஃபா நொடிக்குச் சுமார் 15,000 கிலோமீட்டர், ரேடான் 270.

கழிக்கும்போது தசமத்தில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் மீதி 0.01 ஆகி, விடை 9.3 என்று ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். நிறை எண்ணை மட்டும் பார்த்து "226, 222, 4... எதுவும் குறையலையே" என்பதும் இதே ரகம். நிறை எண் என்பது கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கை, எடை அல்ல.

அப்புறம், ரேடானின் 0.09-ஐச் சுழியாக எண்ணித் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான். அது சுமார் 86,000 எலக்ட்ரான் வோல்ட். வேதிப் பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் போதும். சேர்வராயன் மலைப் பாறையிலும், எந்தப் பாறையையும் போல, துளியூண்டு யுரேனியம் உண்டு. அதன் வழிவந்ததுதான் ரேடியம். கனிமத் துகளின் மேற்பரப்பை ஒட்டி அது சிதைந்தால், ஆல்ஃபா பாயும்போது ரேடானுக்குக் கிடைக்கும் அந்தப் பின்னுதைப்பே அதை வெளியே தள்ளிவிடும். பாறை இடுக்கிலிருந்து ரேடான் வாயு கசிவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் பங்கீட்டைப் பீட்டா சிதைவுக்கு, அதாவது கருவிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் சிதைவுக்கு, போடாதீர்கள். ரேடானுக்குப் பின்னால் வரும் பிஸ்மத் 214-ல் எலக்ட்ரானோடு எதிர்நியூட்ரினோ என்ற மின்னேற்றமில்லாத மிக லேசான துகளும் வெளியேறுகிறது. மூன்று பேருக்குப் பங்கு என்பதால் எலக்ட்ரானின் ஆற்றல் சுழியிலிருந்து ஓர் உச்ச அளவு வரை எதுவாகவும் இருக்கலாம். 1930-ல் இயற்பியலாளர் பவுலி அப்படியொரு துகள் இருக்க வேண்டும் என்று சொன்னதே இந்தக் கணக்கு இடித்ததால்தான்.