மாடியில் கேமிங் பிசி, கீழே ஹாலில் டிவி: லேக் இல்லாமல் இணைப்பது எப்படி

பிசி மாடி அறையில் இருக்கிறது, பெரிய டிவி கீழே ஹாலில். பிசியைத் தூக்கிக்கொண்டு கீழே வரலாம் என்றால் ஃபேன் சத்தமும் சூடும் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒத்துவராது, மேசை போட இடமும் இருக்காது. ஆக, படமும் சத்தமும் மட்டும் கீழே வர வேண்டும், பட்டனை அமுக்கியதும் திரையில் நடக்க வேண்டும். இதற்கு உருப்படியான வழி இரண்டுதான். ஒன்று, ஃபைபர் என்ற கண்ணாடி இழையில் ஒளியாகச் சிக்னலை அனுப்பும் நீளமான ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள், இன்னொன்று வீட்டு நெட்வொர்க் வழியாகப் படத்தை அனுப்பும் ஸ்ட்ரீமிங். கேபிள் இழுக்க வழி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கேபிள்தான்.

கேபிள் நீளமானால் லேக், அதாவது பட்டனுக்கும் திரைக்கும் நடுவே தாமதம், அடிக்கும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, 20 மீட்டரைக் கடக்க ஒரு மைக்ரோசெகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். 60 எஃப்பிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு 60 ஃப்ரேம் (படம்) வீதம், ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்கே 16.7 மில்லிசெகண்ட் ஆகிறது, அதற்கு முன்னால் இது கணக்கிலேயே வராது. தூரம் கெடுப்பது சிக்னலைத்தான். செம்புக் கேபிள் நீளமாக ஆக, படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், திரை ஒரு விநாடி கருத்துவிட்டுத் திரும்ப வரும், அதையும் தாண்டினால் 'நோ சிக்னல்'. லேக் வரும் இடங்கள் வேறு: டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம், ஸ்ட்ரீமிங் என்றால் படத்தைச் சுருக்கி அனுப்பி விரிக்கும் நேரம், அப்புறம் கண்ட்ரோலர்.

கேபிளில் இருந்து தொடங்குவோம். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு, அதாவது 4கே படத்தைத் திரை விநாடிக்கு 60 தடவை காட்ட, எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அதன் வேகம் 18 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 18 கிகாபிட்). 4கே 120 என்றால் எச்டிஎம்ஐ 2.1, 48 ஜிபிபிஎஸ் வரை. சாதாரண செம்புக் கேபிள் 4கே 60ஐ ஐந்து மீட்டர் வரை நம்பகமாகக் கொண்டுபோகும், நல்ல கேபிளாக இருந்தால் இன்னும் கொஞ்சம். 2.1 வேகத்தில் மூன்று மீட்டரைத் தாண்டினாலே சந்தேகம்தான். மாடியிலிருந்து ஹாலுக்குச் சுவரோரமாக அளந்தால் பெரும்பாலான வீடுகளில் 12 முதல் 20 மீட்டர் வந்துவிடும், அந்தத் தூரத்துக்கு ஆப்டிகல் கேபிள்தான் நம்பகமான வழி. அளக்கும்போது நேர்கோட்டில் அளக்காதீர்கள், கேபிள் உண்மையில் போகும் பாதையில் நூல் பிடித்து அளந்து, அதோடு இரண்டு மீட்டர் கூட்டி வாங்குங்கள்.

ஆப்டிகல் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்' என்றும் மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்றும் அச்சடித்திருக்கும். சோர்ஸ் பிசிக்கு, டிஸ்ப்ளே டிவிக்கு. மாற்றிச் செருகினால் படம் வராது, பைப்புக்குள் இழுத்த பிறகு அது தெரிந்தால் அழுகையே வந்துவிடும். அதனால் சுவருக்குள் விடுவதற்கு முன் கேபிளைத் தரையில் விரித்து, இரண்டு பக்கமும் செருகி, டிவி தாங்கும் உச்ச ரெசல்யூஷனில் ஒரு மணி நேரம் கேமை ஓடவிடுங்கள். புள்ளி, கருப்பு, சத்தம் விட்டு விட்டு வருவது என எதுவாக இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும், கேபிளையும் மாற்றிக்கொள்ளலாம்.

இழுப்பதில் கவனிக்க வேண்டியது தலை. சுவருக்குள் போகும் முக்கால் இஞ்ச் பைப்பில், அதுவும் வளைவு இருக்கும் இடத்தில், எச்டிஎம்ஐ தலை நுழையாது. தலையைக் கழற்றி மாட்டும் வகைக் கேபிள்கள் கிடைக்கின்றன, உள்ளே சின்னத் தலை மட்டும் போகும், வெளியே வந்ததும் பெரிய தலையை மாட்டிக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியனின் ஸ்பிரிங்கில் கட்டும்போது கேபிளின் தோலோடு சேர்த்து அரை அடி நீளத்துக்கு டேப் சுற்றுங்கள், இழுவை முழுக்க தலையில் விழக் கூடாது. ஃபைபரை மூலையில் மடித்து ஆணி அடித்தால் உள்ளே கண்ணாடி உடைந்துவிடும், வளைவு ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்காவது இருக்கட்டும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதை விடவே விடாதீர்கள். வழியே இல்லையென்றால் ஜன்னல் ஓரம் துளை போட்டு, வெளிச்சுவரில் தனி பைப் அடித்து இறக்கலாம், வெயில் நேராகப் படாத பக்கமாகப் பார்த்து.

இன்னொன்று, இது பாதுகாப்பு விஷயம். மாடியும் கீழ்த்தளமும் வேறு வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் நிறைய, எர்த் சரியில்லாத வீடுகளும் நிறைய. ஆப்டிகல் கேபிளுக்குள்ளும் மெல்லிய செம்புக் கம்பிகள் சில ஓடும். இரண்டு பக்கமும் மின்சாரத்தில் இருக்கும்போது செருகினால் விரலில் சுளீரென்று அடிக்கலாம், போர்ட்டும் போகலாம். பிசி, டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டிவிக்குள் போகும் டிஷ் ஒயரையும் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐயைச் செருகுங்கள், அப்புறம் மற்றதைப் போடலாம். பிசி பெட்டியைத் தொட்டாலே சுருக்கென்று இருந்தால் முதலில் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும், கேம் பிறகு.

பிசி பக்கம் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பல கார்டுகளில் எச்டிஎம்ஐ ஒன்றும் டிஸ்ப்ளேபோர்ட் மூன்றும் இருக்கும், மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றிவிட்டு எச்டிஎம்ஐயை டிவிக்கு விட்டுவிடலாம். டிவி பக்கம் எல்லா போர்ட்டும் ஒன்றல்ல, 120 ஹெர்ட்ஸ் சில போர்ட்டுகளில் மட்டும்தான் வரும், பின்புறம் எழுதியிருப்பதைப் படித்துச் செருகுங்கள். பிறகு டிவி மெனுவில் அந்தப் போர்ட்டுக்கு முழு வேகத்தைத் திறந்துவிட வேண்டும்: சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் எச்டிஎம்ஐ டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட். விண்டோஸில் விண்டோஸ் பட்டனோடு பி அமுக்கி 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' கொடுங்கள். டூப்ளிகேட்டில் விட்டால் இரண்டு திரைக்கும் பொதுவான ரெசல்யூஷனுக்கு இறங்கிவிடும். டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் 60லேயே நின்றுகொண்டிருக்கிறதா என்று பாருங்கள், 120ஐ நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி கேம் மோட். வீட்டில் லேக் என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம். சாதாரணப் பட மோடில் டிவி ஒவ்வொரு ஃப்ரேமையும் பிடித்துவைத்துக்கொண்டு நாய்ஸ் குறைத்து, அசைவை வழுவழுப்பாக்கி, பிறகு காட்டுகிறது, அதில் மட்டும் 50 முதல் 100 மில்லிசெகண்டுக்கு மேல் போகும் டிவிகள் உண்டு. கேம் மோட் போட்டால் நல்ல டிவிகளில் அது 10 மில்லிசெகண்ட் பக்கம் இறங்கிவிடும். ஏஎல்எல்எம் வசதி இருந்தால் தானாக மாறும், ஆனாலும் ரிமோட்டை எடுத்து ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். டிவியில், கேமின் வேகத்துக்கேற்ப திரையின் வேகத்தை மாற்றும் விஆர்ஆர் இருந்தால் போடுங்கள், 120 ஹெர்ட்ஸில் ஆடுகிறீர்கள் என்றால் எஃப்பிஎஸ்ஸை 116 போலப் பூட்டிவையுங்கள். உச்சத்தைத் தொடும்போது, ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க் வந்து ஃப்ரேமை வரிசையில் நிற்கவைப்பது இதனால் தவிரும்.

கேபிள் வழியில் எல்லோரும் மறப்பது கண்ட்ரோலரைத்தான். படம் கீழே வந்துவிட்டது, ஆனால் கண்ட்ரோலர் பேசுவது மாடியில் இருக்கும் பிசியோடு. ப்ளூடூத்துக்குத் திறந்தவெளியில் 10 மீட்டர் என்பது கணக்கு, நடுவே கான்கிரீட் தளம் இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. பட்டன் ஒட்டிக்கொள்ளும், ஸ்டிக் தானாக ஓடும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் ரிப்பீட்டர் வைத்த ஆக்டிவ் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வாங்கலாம், அல்லது கேட்6 என்ற நெட்வொர்க் ஒயரின் இரு முனையிலும் சின்னப் பெட்டி மாட்டும் யுஎஸ்பி எக்ஸ்டெண்டர். அந்தக் கேட்6 ரவுட்டர் வழியாகப் போகக் கூடாது, பெட்டிக்குப் பெட்டி நேராகப் போக வேண்டும். எச்டிஎம்ஐ இழுக்கும்போதே கேட்6 இரண்டு சேர்த்து இழுத்துவிடுங்கள், ஒன்று யுஎஸ்பிக்கு, ஒன்று நெட்டுக்கு. கீழே ஒரு யுஎஸ்பி ஹப் வைத்து, ப்ளூடூத் டாங்கிளையோ கண்ட்ரோலர் டாங்கிளையோ அதில் போட்டால் சோபாவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர்தான் தூரம். டாங்கிளை யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ்ஸைக் கெடுக்கும் என்று இன்டெல்லே 2012இல் விளக்கமாக எழுதியிருக்கிறது.

வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது என்றால் ஸ்ட்ரீமிங். விண்டோஸ் பட்டனோடு கே அமுக்கி டிவியோடு இணைப்பதைச் சொல்லவில்லை, அது படம் பார்க்கச் சரி, கேமுக்கு ஆகாது. பிசியில் படத்தை அனுப்பும் சன்ஷைன், டிவி பக்கம் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் ஆப், இரண்டும் இலவசம். என்விடியா இதே வேலையைச் செய்த தன் கேம்ஸ்ட்ரீமை 2023இல் நிறுத்திய பிறகு பலரும் வந்து சேர்ந்த இடம் இது. ஸ்டீம் லிங்க் ஆப் இன்னும் எளிது, ஆனால் நுணுக்கமாகத் திருகிப் பார்க்க மூன்லைட்தான் இடம் தருகிறது. சன்ஷைனை நிறுவியதும் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 47990 பக்கம் திறக்கும், பெயரும் பாஸ்வேர்டும் வைத்துக்கொண்டு, மூன்லைட் காட்டும் நான்கு இலக்க எண்ணை அங்கே போட்டால் இரண்டும் கைகோத்துவிடும். மானிட்டரை அணைத்தால் பிடிக்கத் திரையே இல்லாமல் போகலாம், அதற்கு, திரை இருப்பதாகக் கார்டை நம்பவைக்கும் எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்றைக் கார்டில் செருகிவிடுங்கள். இந்த வழியில் ஒரு வசதி, கண்ட்ரோலர் டிவியோடோ ஆண்ட்ராய்டு பெட்டியோடோதான் இணைகிறது, மாடி வரை எட்ட வேண்டியதில்லை.

இங்கே எல்லாமே நெட்வொர்க்கில் இருக்கிறது. பிசியும் டிவியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் காற்றில் இரண்டு தடவை பயணிக்க வேண்டும், பக்கத்து வீட்டு வைஃபைக்கும் வழிவிட வேண்டும். பிசியை மட்டுமாவது லேன் ஒயரில் ரவுட்டரோடு கட்டுங்கள், அதிலேயே பாதி சரியாகிவிடும். டிவி பக்கம் 5 கிகாஹெர்ட்ஸ், ரவுட்டர் ஹாலிலேயே கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் நல்லது. டிவிகளில் இருக்கும் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், மூன்லைட் 4கே 60க்கு 80 எம்பிபிஎஸ் வைத்துக்கொள்ளும். இது இழுபறியாக இருந்தால் 50க்கு இறக்குங்கள், எச்இவிசி என்ற படச் சுருக்க முறையில் வித்தியாசம் தெரிவது கடினம். 1080பிக்கு 20 போதும். மூன்லைட்டின் ஃப்ரேம் பேசிங் செட்டிங்கில் குறைந்த லேட்டன்சி (தாமதம்) என்ற தேர்வைப் போட்டு, பிசி கேமில் வி-சிங்க்கை அணையுங்கள். கரண்ட் லைன் வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் பெட்டிகளை, மாடியும் கீழும் வேறு ஃபேஸ் என்றால் நம்பி வாங்காதீர்கள்.

மூன்லைட்டில் புள்ளிவிவரம் காட்டும் தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு ஆடுங்கள். நெட்வொர்க் லேட்டன்சி ஐந்து மில்லிசெகண்டுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். 3, 4 என்று இருந்து திடீரென்று 40க்குத் தாவினால் வைஃபை. டிகோட் நேரம், அதாவது சுருக்கி வந்த படத்தை விரிக்கும் நேரம், ஒரு ஃப்ரேம் நேரத்தைத் தாண்டினால் டிவிக்குள் இருக்கும் சிப்புக்குச் சக்தி போதவில்லை, ஒரு நல்ல ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வாங்கி மாட்டுவதுதான் தீர்வு. டிவியின் கேம் மோட் இதற்கும் வேண்டும், அந்தப் பெட்டி செருகியிருக்கும் போர்ட்டில்.

எந்த வழியானாலும் கடைசியில் போன் கேமராவால் லேக்கை அளந்து பாருங்கள். 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷன் இருக்கும் போனில், கண்ட்ரோலரைப் பிடித்த கட்டைவிரலும் டிவித் திரையும் ஒரே சட்டத்தில் வரும்படி வைத்து, குதிக்கும் பட்டனை அமுக்குங்கள். விரல் இறங்கிய ஃப்ரேமிலிருந்து ஆள் அசையும் ஃப்ரேம் வரை எண்ணினால், ஒவ்வொன்றும் சுமார் 4.2 மில்லிசெகண்ட். அதே கேமை மாடி மானிட்டரிலும் இப்படியே எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் இணைப்பு கூட்டிய லேக், மீதி கேமுடையது. கேபிளில் இந்த வித்தியாசம் போன் வீடியோவில் நான்கைந்து ஃப்ரேமுக்குள் நின்றால் சண்டை கேமும் ஆடலாம். ஸ்ட்ரீமிங்கில் பத்து ஃப்ரேம் வரை வந்தாலும் கார் ரேஸ், கதை கேம், கிரிக்கெட் எல்லாம் நன்றாகவே ஆடும், நொடியில் முடிவாகும் ஆன்லைன் ஷூட்டருக்கு மட்டும் மாடிக்கே போய்விடுங்கள். படம் சரியாக இருந்து வெடிச் சத்தம் மட்டும் பிந்தி வந்தால் சவுண்ட்பாரைப் பாருங்கள், ப்ளூடூத்தில் இணைத்திருந்தால் கழற்றிவிட்டு, டிவியில் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ இஏஆர்சி போர்ட்டில் ஒயர் போட்டு மாட்டுங்கள்.